ஒரே பெயரில் இரண்டு பேர்

அத்தியாயம் 11

வேலைச் சட்டையோடேயே வந்து காரில் ஏறினான் ஜூனியர். பஸ் டெப்போவில் மதியச் சாப்பாட்டு நேரத்தோடு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். விரலிடுக்கில் கிரீஸ் அப்படியே இருந்தது.

"கவரைப் பிரிச்சியா?"

"பிரிச்சேன்," என்றாள் அவன் மனைவி ரெனிட்டா. "ரெண்டு போயிடுச்சு. ஒண்ணு நிக்குது."

அவன் சீட் பெல்ட்டைப் பாதியில் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

டொலீடோவில் இந்த மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. செங்கல் வீடு ஒன்றைப் பார்த்து, விலை பேசி, விற்கிறவரும் சம்மதித்து, வங்கியும் தலையாட்டிய பிறகு, ஜூனியரின் கிரெடிட் ரிப்போர்ட்டில் மூன்று கறைகள் இருப்பதாகச் சொல்லிக் கடனை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பணம் கட்டாத ஒரு ஃபர்னிச்சர் கடைக் கார்டு. கம்பெனிக்காரன் இழுத்துக்கொண்டு போன ஒரு வண்டி. பாதியில் நின்றுபோன ஒரு கைக்கடன்.

அன்றைக்கு அதைப் பார்த்து ஜூனியர் சிரித்தான். அப்பா பெயரும் ஆர்விஸ் டோலிவர், மகன் பெயரும் ஆர்விஸ் டோலிவர். கல்யாணம் ஆகிற வரைக்கும் இருவருக்கும் ஒரே விலாசம். பல் டாக்டரின் பில்லிலிருந்து கோர்ட் சம்மன் வரைக்கும் அவனுடையது அவருக்கும், அவருடையது அவனுக்கும் வந்தே பழக்கம். "எங்கப்பாவோடதைத் தூக்கி என் தலையில கட்டிட்டானுங்க," என்று சொல்லி, பிறந்த தேதி, லைசென்ஸ் நகல் எல்லாம் வைத்து மூன்று ரிப்போர்ட் கம்பெனிக்கும் ஆட்சேபம் எழுதிப் போட்டான்.

கார்டும் வண்டியும் அப்பாவுடையவைதான். அவற்றை நீக்கிவிட்டார்கள். கைக்கடன் மட்டும் போகவில்லை.

"என்ன போட்டிருக்கான்?"

"'கடன் கொடுத்த நிறுவனத்திடம் விசாரித்தோம். இந்தக் கணக்கு உங்களுடையதுதான்.' அவ்வளவுதான்."

"என்னுதாம். நான் வாங்கினேனாம்."

"வங்கிக்காரம்மாவைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமைக்கு மேல வீட்டை விக்கறவர் காத்திருக்க மாட்டாராம். ரெண்டு வழி சொல்றாங்க. கடன் கொடுத்தவனே 'ஆள் மாறிப்போச்சு'ன்னு எழுதித் தரணும். இல்லாட்டி யாரோ உன் பேர்ல திருடிட்டாங்கன்னு போலீஸ்ல எழுதிக் கொடுக்கணும். அதை வெச்சா ரிப்போர்ட்டுல மறைச்சுடுவாங்களாம்."

"அப்ப போலீஸுக்கே போயிடலாம். எவனோ ஒரு பய."

"முதல்ல கைக்கடன் கொடுத்த கடைக்குப் போவோம்," என்றாள் ரெனிட்டா. "எவன்னு பாப்போம்."

அவளுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டிருந்தது. குடியிருக்கிற கட்டடத்தை வாங்கியவன் மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டான். அவள் சலூனில் ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுத்து முடி பின்னுகிறவள்; வருவதெல்லாம் ரொக்கம். அவள் பெயரில் எந்த வங்கியும் கடன் தராது. வீடு வர வேண்டுமானால் ஜூனியரின் பெயரில்தான் வர வேண்டும். அந்தப் பெயர்தான் இப்போது கெட்டுக் கிடந்தது.

கடன் கடை, துணி வெளுக்கும் கடைக்கும் வருமான வரி எழுதிக் கொடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்தது. உள்ளே ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. மேஜைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடிச் சங்கிலி போட்ட ஒரு பெண்மணி. பெயர் லோரீன் என்று சட்டையில் குத்தியிருந்தது.

ஜூனியர் லைசென்ஸை நீட்டினான். அவள் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தாள்.

"நீங்க நம்ம பழைய ஆள்தான். முதல் கார் வாங்கறப்ப இங்கதானே கடன் வாங்கினீங்க? ஒரு தவணை தவறாம கட்டியிருக்கீங்க."

"அது சரிங்க. பத்தொம்பது வயசுல. அதுக்கப்புறம் நான் இந்த வாசப்படி மிதிக்கல."

"முந்தின குளிர்காலத்துல வாங்கியிருக்கீங்களே."

"நான் வாங்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன். எவனோ என் பேர்ல வாங்கியிருக்கான்."

லோரீன் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டாள். அவள் ஜூனியரைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இல்லை. கூச்சம் இருந்தது.

"அம்மா நல்லா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"எங்கம்மாவா?"

"அவங்கதானே மாசாமாசம் வந்து கட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போடற தொப்பியெல்லாம் வெச்சுக்கிட்டு. எனக்கு கேக் கூடக் கொண்டு வந்தாங்க ஒரு தரம். மார்ச்சுக்கப்புறம் காணோம். உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சோன்னு நினைச்சேன்."

ஜூனியர் மேஜை மேல் கிடந்த லைசென்ஸை எடுக்கவும் மறந்து வெளியே நடந்தான். ரெனிட்டாதான் அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஜூனியர் காரைக் கிளப்பினான். பனி உருகுவதற்காக ரோட்டில் போட்ட உப்பு டயரில் நெறுநெறுவென்று அரைபட்டது.

"இடது பக்கம் திருப்பு," என்றாள் ரெனிட்டா.

"எதுக்கு?"

"போலீஸ் ஸ்டேஷன் அங்கதானே இருக்கு."

அவன் வண்டியை ஓரங்கட்டினான்.

"ரீ, எங்கம்மா மேல எழுதிக் கொடுக்கச் சொல்றியா?"

"பேரைப் போட வேண்டாம். 'யாரோ'ன்னு போடு."

"அதுல கேள்வி இருக்கு. 'யாருன்னு தெரியுமா?'ன்னு. தெரிஞ்சும் தெரியாதுன்னு எழுதினா பொய். கையெழுத்துப் போடறவன் நான்."

"அவங்க உன் பேரை எழுதறப்ப பொய்யின்னு யோசிச்சாங்களா?"

"அவங்க எங்கம்மா."

"நான் யாரு? ஐவி யாரு? மாசக் கடைசியில குழந்தையைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போய் நிக்கட்டும், சொல்லு."

"கடனை நான் அடைச்சிடறேன்."

"அடைச்சாலும் கறை போகாதுன்னு அந்தம்மா எத்தனை தரம் சொன்னாங்க. அடைக்கறதுக்கு எடுக்கற காசு வீட்டுக்கு வெச்சிருக்கற காசு. ரெண்டும் போச்சு."

ஜூனியர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். கோபம் வந்தால் கத்துகிறவன் அவன். இப்போது கத்தாமல் இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"முதல்ல அவங்க வாயால கேக்கணும்," என்றான். "அதுக்கப்புறம் நீ எங்க சொல்றியோ அங்க ஓட்டறேன்."

ஜூனியரின் அம்மா வெர்னாம்மா வீட்டில் கோழியும் வெங்காயக் குழம்பும் கொதித்துக்கொண்டிருந்தன. பெரிய ஆர்விஸ் வழக்கம்போல மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து ரேடியோவில் பந்தாட்ட வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடித் தொழிற்சாலையில் உலைப் பக்கம் நின்று நின்று அவர் காது மந்தம். ரேடியோ தெருவுக்கே கேட்கும்.

"வேலை நாள்ல என்னடா?" என்றார் மகனைப் பார்த்து. "வேலையை விட்டுத் தூக்கிட்டானா?"

"ரேடியோவை அணைங்கப்பா."

அவன் குரலில் இருந்ததைக் கேட்டு அவர் அணைத்துவிட்டார். அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த வெர்னாம்மா திரும்பவில்லை. துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"கடன் கடைக்குப் போயிட்டு வரோம்மா," என்றான் ஜூனியர். "லோரீன் உங்களை விசாரிச்சா."

துணி நின்றது.

"எந்தக் கடன்?" என்றார் பெரிய ஆர்விஸ். "எந்த லோரீன்?"

வெர்னாம்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்ட மாதிரி இருந்தது அவள் முகம்.

"நான் பொய் சொல்லணும்னு போகலடா," என்றாள். "உங்கப்பா பேருக்குத்தான் கேட்டேன். அவ கம்ப்யூட்டரைப் பாத்தா. 'ஆர்விஸ் டோலிவர், இதே விலாசம், நம்ம பழைய வாடிக்கை, எண்பத்தாறுல பொறந்தவர்தானே?'ன்னு கேட்டா. உங்கப்பான்னு சொன்னா வண்டி போன கதை, கார்டு கதை எல்லாம் வெளிய வரும். தர மாட்டா. அதனால ஆமான்னேன்."

"ஆமான்னீங்க."

"அந்த ஒரு வார்த்தைதான். மத்ததெல்லாம் அவளே அடிச்சுக்கிட்டா. காகிதத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து கையெழுத்து வாங்கினேன்."

பெரிய ஆர்விஸ் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"யார்கிட்ட வாங்கினே?"

"உன்கிட்டதான், ஆர்விஸ்."

"எப்போ?"

"நீ பந்தாட்டம் கேட்டுக்கிட்டிருந்தே. நீட்டினேன். போட்டே."

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டுக் காகிதம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் விரல் வைத்த இடத்தில் அவர் பெயரைப் போடுவார், என்ன ஏது என்று கேட்டதே கிடையாது. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

"நான் என் பேரைத்தான் போட்டேன்," என்றார் மகனிடம். "உன் பேர்னு நினைச்சுப் போடல."

"தெரியுதுப்பா."

"ஆட்சேபம் எழுதறேன் எழுதறேன்னு இவன் இந்த மேஜையில உக்காந்துதானே எழுதினான்," என்றாள் ரெனிட்டா. "நீங்கதான் வெர்னாம்மா ஸ்டாம்ப் எடுத்துக் கொடுத்தீங்க."

"ரெண்டோட சேர்த்து மூணையும் எடுத்துடுவாங்கன்னு நினைச்சேன் கண்ணு. மிஷின் தப்புன்னு போயிடும்னு வேண்டிக்கிட்டேன்."

"போகல. நிக்குது."

ரெனிட்டா கைப்பையைத் திறந்து போலீஸ் புகார்த் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். காலையிலேயே எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்தாள். அவள் வைத்த விதம் அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை.

பெரிய ஆர்விஸ் அதை எட்டத் தள்ளிப் பிடித்துப் படித்தார். படித்துவிட்டு மகனிடம் கேட்டார்:

"கடைக்காரன் ஆள் மாறிப்போச்சுன்னு எழுதித் தந்தா போதுமில்ல? இது வேண்டாமில்ல?"

"போதும்."

"அப்ப நான் நாளைக்குக் காலைல போறேன். லைசென்ஸைக் காட்டறேன். கையெழுத்து என்னுது, பொறந்த வருஷம் இது, இவனுக்கு இதுல சம்பந்தமில்லைன்னு சொல்றேன். கடன் என் மேல வரட்டும். என் பேர்ல இதுக்கு மேல கெடறதுக்கு என்ன இருக்கு."

ரெனிட்டா மூச்சை விட்டாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் அவர். "வெர்னா, காசு எங்க போச்சு?"

"கூரைக்கு."

"கூரையை சர்ச் ஆளுங்க வந்து போட்டுக் கொடுத்தாங்க. சாப்பாட்டைத் தவிர ஒரு காசு வாங்கல. ஓடு கூட டீக்கன் வீட்டுல மிச்சமானது."

வெர்னாம்மா எழுந்தாள். "குழம்பு அடி பிடிக்குது," என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

"எது என்னுதுன்னு தெரியாம என்னுதுன்னு எப்படிச் சொல்வேன்?" என்று அவர் யாரிடமும் இல்லாமல் சொன்னார். "சொல்லட்டும். சொன்னா போறேன்."

ரெனிட்டா பின்னாலேயே போனாள். சண்டை போடத்தான் போனாள்.

"அவர் ஒத்துக்கிட்டாரு வெர்னாம்மா. ஒரு பதில் சொன்னா எங்க வீடு எங்களுக்குக் கிடைச்சிடும். அதைக் கூடச் சொல்ல மாட்டீங்களா? யாருக்குக் கொடுத்தீங்க?"

வெர்னாம்மா அடுப்பை அணைத்தாள். முன்னறையை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள்.

"குவின்சிக்கு," என்றாள் மெதுவாக.

ரெனிட்டா அங்கிருந்த ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

குவின்சி அவள் தம்பி. அம்மா போன பிறகு அவள்தான் அவனுக்கு முடி வெட்டி, சோறு போட்டு, பள்ளிக்கு அனுப்பியவள். வலி மாத்திரைப் போதையில் ஆரம்பித்து எங்கெங்கோ போனான். அவள் சேர்த்து வைத்திருந்ததைத் திருடினான். பெரிய ஆர்விஸுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த கைக்கடிகாரத்தையும் இந்த வீட்டு அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் விற்றான். அன்றைக்குத்தான் அவள் சொன்னாள், அவன் பெயரை என் காதுபட யாரும் எடுக்கக் கூடாது என்று. யாரும் எடுக்கவில்லை.

"நீ ஐவியை வயித்துல வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரியில கிடந்தியே, அப்ப வந்தான்," என்றாள் வெர்னாம்மா. "பனி கொட்டுது. சாக்ஸ் இல்லாம ஷூ போட்டிருக்கான். அக்காவைப் பாக்கணும்னான். உனக்கு ரத்தக் கொதிப்பு ஏறிப்போய் டாக்டர் யாரையும் விடல. திருப்பி அனுப்பினா அந்த வாரமே செத்துடுவான் கண்ணு, அவன் உதட்டைப் பாத்தாலே தெரிஞ்சுது. டேட்டன்ல ஒரு வைத்திய இல்லத்துல இடம் இருந்தது. முன்பணம் கேட்டாங்க."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

ரெனிட்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தேறி வந்தான். ஒரு கிடங்குல வேலை கிடைச்சுது. மாசாமாசம் எனக்குக் காசு அனுப்புவான், நான் கொண்டு போய்க் கட்டுவேன். முழுசா அடைச்சிட்டுத்தான் உன் முன்னாடி வருவேன்னு சொல்லியிருந்தான். மார்ச்லேர்ந்து அனுப்பல. போன் எடுக்கல. என் பென்ஷன்லேர்ந்து எடுத்தா ஆர்விஸுக்குத் தெரிஞ்சிடும். நின்னு போச்சு."

முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெர்னாம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இதை அவர்கிட்ட சொல்லாதே. அந்தக் கடிகாரத்தை அவர் இன்னும் மறக்கல. அவனுக்குன்னு தெரிஞ்சா ஒத்துக்க மாட்டாரு, வெள்ளிக்கிழமை போயிடும், வீடு போயிடும். சர்ச்சுக்குக் கொடுத்தேன்னு நான் சொல்லிடறேன். கோவிச்சுப்பாரு, அப்புறம் நாளைக்குப் போய் எழுதி வாங்கிட்டு வந்துடுவாரு. நீ சும்மா இருந்தா போதும்."

சும்மா இருந்தால் போதும். செங்கல் வீட்டின் பின்பக்க ஜன்னலும், ஐவிக்கென்று அவள் மனதில் நீல வண்ணம் அடித்து வைத்திருந்த சின்ன அறையும் ரெனிட்டாவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. அவர் தெரியாத ஒன்றுக்கு இன்னொரு தரம் தன் பெயரைக் கொடுப்பார். அவ்வளவுதான்.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அவள் முன்னறைக்கு வந்தாள்.

பெரிய ஆர்விஸ் கோட்டுப் பையில் லைசென்ஸைத் தேடிக்கொண்டிருந்தார். ஜூனியர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் என்ன தெரிந்ததோ, பாதி எழுந்தான்.

"என்ன ரீ?"

அவள் மாமனாருக்கு எதிரில் உட்கார்ந்தாள். காது மந்தமான மனிதர். ஒரே தரத்தில் கேட்க வேண்டும் என்று நிதானமாக, உரக்கச் சொன்னாள்.

"அந்தக் காசு என் தம்பிக்குப் போச்சுப்பா. குவின்சிக்கு. வைத்தியத்துக்கு. வெர்னாம்மா கூரைன்னு சொன்னது எனக்காக. இதைத் தெரிஞ்சுக்கிட்டு நீங்க நாளைக்குப் போகலைன்னா நான் ஒரு வார்த்தை தப்பா நினைக்க மாட்டேன்."

அடுக்களைக் கதவில் வந்து நின்ற வெர்னாம்மா கண்ணை மூடிக்கொண்டாள். ஜூனியர் மனைவியையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

பெரிய ஆர்விஸ் இடது மணிக்கட்டை வலது கையால் தடவினார். அங்கே ஒன்றும் கட்டியிருக்கவில்லை. கோபம் ஏறுகிறது என்று அவர் கழுத்து நரம்பைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். மூடினார். மேஜை மேலிருந்த புகார்த் தாளை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.

"மார்ச்லதானே தவணை நின்னுச்சு?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"இப்ப நவம்பர்."

அவர் ரெனிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பையன் எங்கம்மா இருக்கான்?"

இந்த மாதம் முழுக்க எது யாருடையது என்று நிரூபிக்க அலைந்த ரெனிட்டா வாயைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு விலாசம் கூட இல்லை.